மாதா மாதம் வரும் ஆயிரம் ரூபாயால் பிழைப்பு நிமிருமா? வேலூர் வட்டாரக் குடும்பங்களுக்கான கேள்வி – பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் 2019 வரை ஒரே மாவட்டம். மகளிர் உரிமைத் தொகை போல அரசு மாதாமாதம் கணக்கில் போடும் பணத்தைப் பற்றி இந்தப் பகுதியின் கிராமத்துப் பெண்கள் குழுக் கூட்டத்திலும் வங்கி வாசலிலும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. அரசு திட்டங்களின் தொகையும் விதியும் மாறக்கூடியவை. அதனால் அவை எந்த ஆண்டு வந்தவை என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

மாதம் ஆயிரம் ரூபாயில் அப்படி என்ன நடந்துவிடும்?

தொகையை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதன் தேதியைப் பாருங்கள்.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு வருமானமே இல்லை என்று சொல்ல முடியாது. குடியாத்தத்தில் தறியும் தீப்பெட்டியும் இருக்கின்றன. பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் தோல், ஷூ வேலை. பல ஊர்களில் வீட்டுத் திண்ணையிலேயே பீடி. இவற்றோடு கரும்பு வெட்டு, களையெடுப்பு, நூறு நாள் வேலை. சிக்கல் என்னவென்றால், இதில் எந்தப் பணம் எப்போது கைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பீடி இலை ஒரு வாரம் வராது. ஷூ கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தால் வீட்டுக்கு மேல்தோல் தைக்கக் கொடுப்பது நின்றுவிடும். நூறு நாள் வேலைக் கூலி ஏறப் பல வாரம் ஆகும்.

அந்த இடைவெளியில்தான் குடும்பம் நஷ்டப்படுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஐந்து மாத ஆட்டுக்குட்டியை வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னும் மூன்று மாதம் வைத்திருந்தால் அது கூடுதலாகப் போயிருக்கும். அறுவடை நாளிலேயே நெல்லைக் களத்தில் தள்ளிவிடுவதும், தெருவில் பத்து வட்டிக்கு இரண்டாயிரம் வாங்குவதும் இதே காரணத்தால்தான். பதினைந்தாம் தேதி ஆயிரம் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் இவற்றில் பாதியைத் தவிர்க்கலாம். புதிதாகச் சம்பாதிப்பதற்கு முன்னால், இருப்பதை அவசரத்தில் இழக்காமல் காப்பதுதான் இந்தப் பணத்தின் முதல் வேலை.

எந்தெந்தப் பணத்தை இப்படி எண்ணி வைக்கலாம்?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியது. முதியோர், விதவை ஓய்வூதியம் 2023இல் 1,200 ஆக உயர்ந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மகளுக்குப் புதுமைப் பெண் (2022), மகனுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024), இரண்டும் மாதம் 1,000. நிலம் பட்டாவில் இருந்தால் பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000, நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம்.

கல்லூரிப் பணத்தைத் தொழில் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பிள்ளையின் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் உரியது. அதில் கை வைத்த வீட்டில் பிள்ளை இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆபத்து அதிகம்.

பணம் வரத் தொடங்கியதும் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

ஆடு வாங்குவதற்கு முன் வட்டிக் கடனை அடைத்துவிடுங்கள். கணக்கைப் பாருங்கள்.

பத்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். 5,000 வாங்கியவர் மாதம் 500 கட்டுகிறார். ஓராண்டில் 6,000 கட்டிய பிறகும் அசல் 5,000 அப்படியே நிற்கிறது. மாதம் ஐந்நூறு ஐந்நூறாக அசலைக் குறைக்கலாமென்றால் பெரும்பாலும் கொடுத்தவர் ஒப்புக்கொள்வதில்லை. "அசலைக் கொடுத்தா மொத்தமாக் கொடு" என்பார். அப்படிச் சொல்லித்தான் கடனைச் சாகாமல் வைத்திருக்கிறார்கள்.

இதை உடைக்க மகளிர் குழுவின் உள்கடன் (குழுச் சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன்) உதவும். குழுவில் ஒரு வட்டிக்கு 5,000 வாங்கி, வெளிக்கடனை ஒரே நாளில் முடித்து, எழுதிக் கொடுத்த பாண்டை அங்கேயே திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். பிறகு குழுவுக்கு மாதம் ஆயிரம் அசலும் அதற்கான வட்டியும் கட்டுங்கள். வட்டி முதல் மாதம் 50, அடுத்து 40, 30, 20, 10. ஐந்தே மாதத்தில் மொத்தம் 150 ரூபாய் வட்டியோடு கடன் தீர்ந்துவிடும். ஆறாம் மாதத்திலிருந்து உங்கள் ஆயிரமும், இதுவரை வட்டியாகப் போன 500ம் உங்கள் கையில் நிற்கும். எந்த ஆடும் மாடும் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு லாபம் தராது.

குழுவில் பணம் இல்லையென்றால் நகைக் கடன் வழி இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் நகைக் கடன் பெரும்பாலும் ஒரு வட்டிக்குள்தான் வரும். அடகுக் கடையைவிட அது மேல். மிரட்டி வசூலித்தால் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 இருக்கிறது, காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறோம். அதையும் இதிலிருந்து கழிக்கலாமா?

தறி முதலாளியிடம் வாங்கிய சிறு தொகை என்றால் கழிக்கலாம். கழிக்கவும் வேண்டும். முன்பணம் இருக்கும்வரை கூலியைக் கூட்டிக் கேட்க வாய் வராது, வேறு இடம் போகவும் முடியாது. எவ்வளவு கழிந்தது என்பதை அவர் நோட்டில் மட்டும் எழுத விடாதீர்கள். உங்கள் நோட்டிலும் தேதி போட்டு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டு என்று குடும்பத்தோடு அழைத்துப் போய், முன்பணம் தீரும்வரை வெளியே விடாமல் வைத்திருந்தால் கதையே வேறு. அது கொத்தடிமை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அதைத் தீர்க்க உரிமைத் தொகையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ மனு கொடுங்கள்.

பணம் முழுதும் சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. அப்படியென்றால் வீண்தானா?

வீணில்லை. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. அதனால் இந்த ஆயிரம் பருப்பு, எண்ணெய், முட்டை, சிலிண்டர் என்றுதான் முதலில் போகும். நாள் முழுக்கக் குனிந்து நடவு நடுகிற உடம்புக்கு முட்டையும் முதலீடுதான். மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டத்தை ஆய்ந்தவர்கள், குடும்பங்கள் ஒவ்வொரு ரூபாயிலும் ஏறக்குறைய முக்கால் பங்கைச் செலவழித்துவிட்டு மீதியை விவசாயத்திலும் கால்நடையிலும் போட்டன என்று கண்டார்கள். ஒன்றரை ஆண்டில் அவர்களுடைய விவசாய வருமானம் கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடியது. ஆயிரத்தில் 250 நின்றாலே நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

சில்லறையாக வருவதை மொத்தமாக்க என்ன வழி?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். ஆட்டை மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் துண்டு துண்டாக வாங்க முடியாது. பிழைப்புக்கான எந்தப் பொருளுக்கும் ஒரே தடவையாகக் காசு வேண்டும்.

கென்யாவில் 2016இல் ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். சில ஊர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு மாதாமாதம் பணம், சில ஊர்களுக்கு இரண்டே ஆண்டு மாதாமாதம், இன்னும் சில ஊர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுப் பணம் மொத்தமாக. மொத்தமாக வாங்கியவர்கள் புதிதாகத் தொழில் தொடங்கினார்கள். அதில் வியப்பில்லை. பன்னிரண்டு ஆண்டு உறுதி பெற்றவர்களும் அதேபோலத் தொடங்கினார்கள். எப்படியென்றால், நம் ஊர்ச் சீட்டைப் போலவே ஆளுக்கொரு முறை எடுக்கும் சேமிப்புக் குழுக்களில் பணத்தைப் போட்டு, தாங்களே அதை மொத்தமாக்கிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டோடு நின்றுவிடும் என்று தெரிந்த மாதப்பணக்காரர்கள்தான் பின்தங்கினார்கள்.

நம்மிடம் மூன்று வழி உண்டு.

குலுக்கல் சீட்டு: பத்துப் பேர், ஆளுக்கு 1,000, பத்து மாதம், எடுப்பவருக்குத் தள்ளுபடி இல்லாமல் முழு 10,000. ஒரு மாதத்தில் சேரும் மொத்தம் அரசு குறித்த அளவைத் தாண்டாத சிறு சீட்டுக்கு 1982 சீட்டு நிதிச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அதைவிடப் பெரிய சீட்டு என்றால் பதிவு செய்ததில் மட்டும் சேருங்கள். சீட்டு நாளைப் பதினாறாம் தேதி வையுங்கள். இருபதுக்குத் தள்ளினால் நடுவில் நான்கு நாள் பணம் கையில் இருக்கும், கரைந்துவிடும். முதல் மூன்று மாதத்தில் எடுத்தவர் அப்புறம் கட்டாமல் போவதுதான் சீட்டு உடையக் காரணம். அதனால் பத்துப் பேரும் ஒரே தெருவாக, ஒரே தேதியில் பணம் வருகிறவர்களாக இருக்கட்டும். தீபாவளிக்காக எடுப்பவரையும் தொழிலுக்காக எடுப்பவரையும் ஒரே சீட்டில் கலக்காமல் இருப்பது நல்லது.

மகளிர் குழு: சேமிப்போடு உள்கடனும் கிடைக்கும், வங்கிக் கடனுக்கும் வாசல் திறக்கும். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுதல், கணக்கு நோட்டு, இந்த ஐந்தும் ஒழுங்காக நடக்கிறதா என்றுதான் வங்கி பார்க்கும். நோட்டை ஒருவர் மட்டுமே எழுதி, மற்றவர்கள் படித்துப் பார்க்காத குழுவில் பணம் போடாதீர்கள்.

அஞ்சலக ஆர்.டி.: மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்து ஆண்டுக்குப் போடலாம். 2023 அக்டோபரில் நிர்ணயித்த 6.7 சதவீத வட்டியில் மாதம் 500 போட்டால் முடிவில் சுமார் 35,680 வரும். ஓராண்டு தவறாமல் கட்டிய பிறகு, இருப்பில் பாதிவரை கடன் எடுக்கலாம். தொடர்ந்து நான்கு மாதத்துக்கு மேல் விட்டால் கணக்கு நின்றுவிடும்.

எங்கள் கருத்து: முதல் ஆட்டுக்குச் சீட்டு, அவசரத்துக்குக் குழு, மாடு வாங்க ஆர்.டி.

பத்தாயிரம் கைக்கு வந்துவிட்டது. என்ன வாங்குவது?

வீட்டில் யாருக்கு என்ன வேலை தெரியும், தீவனமும் தண்ணீரும் எங்கிருந்து வரும், இவை இரண்டையும் வைத்துத்தான் முடிவு. மேய்ச்சலுக்குப் புறம்போக்கோ ஏரிக்கரையோ இருந்தால் வெள்ளாடு. பகலில் வெளியே போக முடியாதவர்களுக்குக் கோழியும் தையலும். பாலாறு வறண்டு கிடக்கும் இந்த ஊரில் போர் போட இந்தப் பணத்தைத் தொடவே வேண்டாம். தண்ணீர் கிடைக்காவிட்டால் ஒரே நாளில் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும்.

ஆட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், தவறுகள் அதிகம் நடப்பது அங்கேதான்.

பத்தாயிரம் இருந்தால் ஏழாயிரத்துக்கு ஆடு, மூவாயிரம் அந்த ஆட்டைக் காப்பாற்ற. மூவாயிரத்தையும் சேர்த்து இரண்டாவது ஆட்டைப் பிடிப்பவர்கள் முதல் மழையில் இரண்டையும் இழக்கிறார்கள். தரையிலிருந்து உயர்த்திய பரண், ஓடோ தகரமோ, இன்சூரன்ஸ், குடற்புழு மருந்து, தாது உப்பு எல்லாம் அந்த மூவாயிரத்தில் வர வேண்டும்.

கே.வி.குப்பம் சந்தை திங்கட்கிழமை, பொய்கைச் சந்தை செவ்வாய்க்கிழமை. பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் வாங்கப் போகாதீர்கள், அப்போது விலை ஏறி நிற்கும், அது விற்பதற்கான காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கினால் நோயும் கூடவே வரும். தை, மாசியில் வாங்கினால் உடம்பு தேறிய ஆடு கிடைக்கும். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலுக்குச் சூபாபுல், வாகை போன்ற மரத்தழைக்கு முன்பே ஏற்பாடு வேண்டும். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளைக்கு மூன்று, நான்கு கிலோ பசுந்தழை பிடிக்கும்.

ஆட்டைப் பிடித்ததும் கீழுதட்டை இறக்கிப் பல்லைப் பாருங்கள். மேல் வரிசையில் ஆட்டுக்கு முன்பல் கிடையாது, கீழ்ப் பல்தான் கணக்கு. எல்லாம் சிறிய பால் பல்லாக இருந்தால் ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு மட்டும் அகலமாக முளைத்திருந்தால் 'ரெண்டு பல்', ஒன்று, ஒன்றரை வயது. உங்களுக்கு வேண்டியது இதுதான். அடுத்து கண்ணின் கீழிமையைக் கட்டைவிரலால் மெல்ல இறக்குங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்துக் கிடந்தால் குடற்புழு இரத்தத்தைக் குடித்திருக்கிறது. மடியை இரண்டு கையாலும் தடவிக் கட்டியில்லாமல் இரண்டு காம்பும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வால் அடியில் கழிச்சல் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். வயிறு மட்டும் புடைத்து முதுகெலும்பு கூர்மையாகத் தெரிந்தால், உப்புத் தண்ணீர் காட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்த ஆடு அது. துண்டுக்குள் விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசும் இடத்தில் தனியாகப் பேரம் பேசாதீர்கள், பழக்கப்பட்ட ஒருவரை அழைத்துப் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் மற்ற ஆடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டுங்கள். கால்நடை மருந்தகத்தில் குடற்புழு நீக்கம், ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி இரண்டையும் கேளுங்கள். துள்ளுமாரி ஊசியை ஆண்டுதோறும் மழைக்கு முன் போட வேண்டும். முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லைப் பசியோடு அளவில்லாமல் மேய்ந்தால் குடலில் இருக்கும் கிருமி பெருகி, மாலையில் நன்றாக இருந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கும். அந்த வாரங்களில் காய்ந்த தழை கொஞ்சம் கொடுத்த பிறகே மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள்.

சினைக்காலம் 150 நாள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று. கிடாக்குட்டியை விற்று பெட்டையை நிறுத்துங்கள். மாதப் பணம் இங்கேயும் காப்பாற்றுகிறது: அரிசி வாங்கப் பெட்டைக்குட்டியை விற்க வேண்டிய நிலை வராது.

கறவை மாடே வாங்கிவிடலாமே?

முதல் முயற்சிக்கு வேண்டாம். ஆவினின் பசும்பால் கொள்முதல் விலை 2023 டிசம்பரில் லிட்டருக்கு 38 ஆக உயர்ந்தது. அது முழுதாகக் கிடைக்கக் கொழுப்பும் இதர சத்தும் அளவில் இருக்க வேண்டும், தண்ணீராக இருந்தால் விலை இறங்கும். கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் பால் இருக்காது, தீவனச் செலவு மட்டும் நிற்காது. அந்த இரண்டு மாதத்தைத் தாங்க முடியாமல்தான் சினை மாட்டை விற்கிறார்கள். மாதத் தொகை கையில் இருந்தால் தாங்கலாம், ஆனால் மாட்டுக் கடன் தவணை வேறு இருக்கக் கூடாது. இன்சூரன்ஸ் செய்தால் காதுத் தோடு (அடையாள எண் போட்டு மாட்டின் காதில் மாட்டும் வில்லை) விழாமல் பாருங்கள். விழுந்தால் அன்றே தகவல் சொல்லிப் புதுத் தோடு போட வேண்டும். தோடு இல்லாமல் செத்த மாட்டுக்குப் பணம் கிடைப்பது மிகக் கடினம்.

கணக்கில் ஆயிரத்துக்குப் பதில் 544தான் இருந்தது. யார் எடுத்தார்கள்?

பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள். மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ 436, 20 என்று இரண்டு பற்று இருந்தால், அவை பிரதமர் ஆயுள் காப்பீடும் விபத்துக் காப்பீடும். இரண்டும் தலா இரண்டு லட்சம் தரும். நிறுத்த வேண்டாம், மே மாதம் 456 கழியும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்திருந்தால், 'அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும்' என்று கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அந்தக் கணக்குக்கு இருப்பு விதி கிடையாது. மாதம் நான்கு முறை கட்டணமின்றி எடுக்கலாம்.

பணமே வரவில்லை என்றால், ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குப் போய்விடும். யாரோ கடனுக்காகத் திறந்து கொடுத்த, மறந்தே போன கணக்கில் மாதக் கணக்காகப் பணம் தூங்கிய வீடுகள் உண்டு.

பீடி சுற்றிச் சுற்றி கைரேகை தேய்ந்துவிட்டது. மிஷினில் விழவில்லை.

கையைக் கழுவித் துடைத்து, பத்து விரலையும் மாற்றி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மோதிர விரல் விழும். விழவில்லையென்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும். ஏ.டி.எம். கார்டு இருந்தால் ரேகையே தேவையில்லை. ஊருக்கு வரும் வங்கி முகவர் பணம் எடுத்துத் தர ஐம்பது, நூறு கேட்டால் கொடுக்காதீர்கள், ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்காரர் குடித்தே தீர்த்துவிடுவாரே?

பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், உதவித்தொகையால் குடிச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. சோம்பேறித்தனமும் அப்படித்தான்: 2011–12இல் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் பெரியவர்களுக்கு ஆளுக்கு மாதம் 200 ரூபாயில் தொடங்கிக் கொடுத்துப் பார்த்தபோது, பலர் கூலி வேலையைவிட்டுச் சொந்த நிலத்து வேலைக்கு மாறினார்கள்.

ஆனாலும் உங்கள் வீட்டில் இந்தப் பயம் உண்மையாக இருக்கலாம். அப்படியானால் பதினைந்தாம் தேதியே முழுதும் எடுத்து அலமாரியில் வைக்காதீர்கள். சீட்டு, குழு, ஆர்.டி. மூன்றும் 'நான் கட்ட வேண்டியிருக்கிறது' என்று சொல்லக் கைகொடுக்கும். ஏ.டி.எம். கார்டும் பின் எண்ணும் உங்களிடமே இருக்கட்டும்.

"மாசம் ஆயிரம் வருதே, அதிலேயே கட்டிடலாம்" என்று குழு லோன்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

அவர் சொல்லும் ஆயிரத்தை எத்தனை பேர் ஏற்கெனவே எண்ணி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வாரத் தவணை இரண்டு ஓடும் வீட்டில் மூன்றாவது வாங்கினால், முதல் இரண்டையும் கட்டத்தான் அது போகும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. வருமானத்தைக் கூட்டி எழுதிக் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். பொருள் இன்னதென்று முடிவாகி, அதிலிருந்து வரும் காசில் தவணை கட்ட முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். மாதத் தொகை தவணைக்கல்ல, தவணை தவறும் மாதத்துக்கான காப்பு.

தொகை ஒருநாள் நின்றுபோனால்?

நிற்கலாம். விதி மாறலாம், முதியவர் இறந்தால் ஓய்வூதியம் நிற்கும், மகள் படிப்பு முடித்தால் அவள் தொகை நிற்கும். அதனால் சீட்டில் சேரும்போது, தொகை நின்றாலும் மீதி மாதங்களைக் கூலியிலிருந்து கட்ட முடியுமா என்று பார்த்துச் சேருங்கள். முதல் கிடாக்குட்டி விற்ற பணத்தில் இரண்டாயிரத்தைத் தனியே அஞ்சலகச் சேமிப்பில் போட்டுவிடுங்கள். பெயர் நீக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் காரணம் கேட்டு, ரேஷன் அட்டை, ஆதார், பாஸ்புக் நகலோடு இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யுங்கள். 2023இல் இதற்கு முப்பது நாள் அவகாசம் கொடுத்தார்கள். அதனால் செய்தி வந்த தேதியைக் காலண்டரில் அன்றே குறித்துவையுங்கள்.